கோடை டானிக் வாங்கும் முன் கூண்டுக்குக் கீழே பாருங்கள்

இன்னும் கொஞ்ச நாளில் வெயில் ஏறிவிடும். ‘சிவராத்திரியோட பனி சிவ சிவான்னு போயிடும்’ என்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் சங்ககிரிப் பக்கம் பாறையும் மண்ணும் சூடேறி, ராத்திரி பத்து மணிக்குக்கூட அனல் அடங்காது. மருந்துக் கடைகளில் கோடைக்கான டானிக் கேன்கள் இப்போதே வந்து இறங்கியிருக்கும். லேயர் என்கிற முட்டைக் கோழி வளர்க்கிறவர்கள், முக்கியமாக என்னைப் போல ஐயாயிரம், ஆறாயிரம் கோழியோடு தனியாகச் சமாளிக்கிறவர்கள், அந்தக் கேனுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போன கோடையில் எனக்கு நான்கு லட்ச ரூபாய்க்குப் பக்கம் போனது. வெயிலால் போனது அதில் பாதிகூட இருக்காது என்பது என் கணிப்பு. மீதி எப்படிப் போனது என்பதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பண்ணை அப்பாவுடையது. அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்ததும் என் கைக்கு வந்தது. இரண்டு ஷெட், மூன்றடுக்குக் கூண்டு, பிவி 300 ரக முட்டைக் கோழி ஆறாயிரம். மாசி வரைக்கும் நூறு கோழிக்கு நாளைக்குத் தொண்ணூறு முட்டைக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. பங்குனி பிறந்ததும் மதியம் ஷெட்டுக்குள் போனால் கோழி எல்லாம் வாயைத் திறந்து, இறக்கையை உடம்பை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு இரைக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அப்படி வேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ரத்தத்தில் காரம் ஏறுகிறது. முட்டை ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட்டு குறைகிறது, சுண்ணாம்புச் சத்தும் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் கோடையில் ஓடு காகிதம் மாதிரி ஆகிறது, ஓடே இல்லாத தோல் முட்டை விழுகிறது. தீவனமும் இறங்காது. 110 கிராம் தின்ற கோழி 90 கிராமில் நிறுத்திக்கொள்ளும், தண்ணீரை மட்டும் இரண்டு மடங்கு குடிக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது தட்டு தட்டாக முட்டை குறைந்ததும், லாரிக்கு ஏற்றும்போது கீறல் முட்டை என்று வியாபாரி ஒதுக்கி வைத்ததும்தான்.

வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் சொன்னதைக் கேட்டேன். காலையும் மாலையும் தண்ணீரில் எலக்ட்ரோலைட் என்கிற உப்புக் கலவை, ஈரலுக்கு ஒரு டானிக், திரவக் கால்சியம் ஒன்று. தீவனம் குறைவாகத் தின்பதால் புரதம் பற்றாது, தீவன மில்லில் சொல்லி சோயாப் புண்ணாக்கைக் கூட்டிப் போடுங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் பக்கம் எல்லாப் பண்ணையிலும் கோடைக்குச் செய்வது இதுதான். முதல் வாரம் கோழி கொஞ்சம் தெளிச்சியாகத் தெரிந்தது, இரைப்பும் குறைந்த மாதிரி இருந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் எச்சம் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. கோடையில் தண்ணீர் நிறையக் குடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மேற்கிலிருந்து வீசும் அனலுக்காக அந்தப் பக்கம் முழுக்கச் சாக்கும் தார்ப்பாயும் கட்டியிருந்தோம். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால் கண் எரியும். முட்டை பொறுக்க வரும் அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார். கொஞ்ச நாளில் எங்கள் எல்லோருக்கும் அந்த நாற்றம் பழகிவிட்டது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாடை மூக்குக்குப் பழகிப் போகும், பிறகு அளவு ஏறினாலும் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த தம்பி வாசலிலேயே இருமினான். ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா அவனுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஷெட்டில் நின்று கேட்டால் கர்கர் என்று சத்தம். சளி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மருந்து முட்டையிலும் இறங்கும் என்பதால் அந்த நாட்களின் முட்டையை விற்கவும் மனசு வரவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை. கடைசியில் குழி தோண்டிப் புதைத்தோம். சத்தம் நிற்கவில்லை. அக்னி நட்சத்திரத்தின் நடுவில் ஒருநாள் சாயங்காலம் கோடை மழை பெய்தது. ஊரே குளிர்ந்தது என்று சந்தோஷப்பட்டது. எங்கள் ஷெட்டில் மறுநாள் மதியம்தான் சாவு அதிகம். புழுக்கத்தில் மூச்சு வாங்கியும் சூடு இறங்காமல் மேலடுக்குக் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுச் செத்தன. செத்ததை எடுத்து வெளியே போடப் போட இன்னொன்று. அப்பா கட்டிலில் இருந்தபடி என் முகத்தையே பார்த்தார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அன்றைக்கு அவர் பக்கம் போகாமலே இருந்துவிட்டேன். வித்துவிடலாம், யாராவது கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுச் சேலத்தில் ஒரு வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கால்நடை மருத்துவர் வந்தார். கோழியைப் பிடித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கூண்டு வரிசைக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “நீங்களும் உட்காருங்கம்மா. கீழ்க்கூண்டுக் கோழி மூக்கு எந்த உசரத்துல இருக்கோ, அங்க உங்க மூக்கு வரட்டும்” என்றார். உட்கார்ந்தேன். நின்றபோது தெரியாத நெடி சுருக்கென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் பையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து, சுத்தமான தண்ணீரில் நனைத்து, அந்த உயரத்திலேயே சில நொடி பிடித்தார். நிறம் மாறியது. அம்மோனியா 25 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் போகக் கூடாதாம். எங்கள் பட்டை 50க்கான நிறத்தில் நின்றது. பிறகு எச்சத்தைக் காட்டினார். நல்ல எச்சம் கூண்டுக்குக் கீழே கோபுரம் கோபுரமாகக் குவிந்து நிற்க வேண்டும். எங்களுடையது களியாகப் பரவி, புழு நெளிந்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். மேலடுக்கில் சாவு அதிகம், சளிச் சத்தம் குறைவு. கீழடுக்கில் சாவு குறைவு, ஆனால் சளியும், பாதி மூடிய கண்ணும், நுரைத்த கண் ஓரமும் அங்கேதான். மேலே கூரைச் சூடு, கீழே எச்சம் விழும் குழியின் காற்று. ஒரே ஷெட்டில் இரண்டு நோய், இரண்டுக்கும் நான் ஒரே கேனிலிருந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழி எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. காய்ந்த எச்சத்தில் இது மெதுவாக நடக்கும், ஈர எச்சத்தில் மளமளவென்று நடக்கும். அந்தக் காற்று மூச்சுக்குழாயின் உள்பக்கம் இருக்கும் நுண்மயிர்களைக் கெடுக்கிறது. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுவது அந்த மயிர்கள்தான். அவை போன பிறகு ஈ.கோலை மாதிரிக் கிருமிகள் சுலபமாக உள்ளே போய்விடும். காற்றைச் சரிசெய்யாமல் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை என்றார். தீவனம் இறங்காததற்கும், முட்டை உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது என்று வியாபாரி முணுமுணுத்ததற்கும் வெயிலோடு இந்தக் காற்றும் காரணம். எங்கள் எச்சம் ஏன் அவ்வளவு ஈரமாக இருந்தது என்று கேட்டால், வெயிலுக்கு என்று நான் கொடுத்தவைதான். உப்புச் சத்து கூடினால் கோழி அதிகம் குடிக்கும், அதிகம் கழியும். தேவைக்கு மேல் கொடுத்த புரதத்தில் இருக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் யூரிக் அமிலமாகத்தான் வெளியே போகும். அந்தப் புரதத்தை உடைக்கும் வேலையிலேயே கோழியின் உடம்பில் கூடுதல் சூடும் பிறக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கேன் வாங்கும் முன் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. நான் தண்ணீரையும் தீவனத்தையும் சேர்த்தே கொடுத்தேன். எங்கள் தண்ணீரில் சோடியம் ஏற்கெனவே நிறைய இருந்தது. கோடையில் ஒரு கோழி நாளைக்கு 400 மில்லிக்கு மேல் குடிக்கிறது. தேவையான சோடியத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வழியாகவே போய்விடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு மேல் தீவனத்தில் உப்பு. மில்லில் கலந்த கருவாட்டுத் தூளிலும் உப்பு. அதற்கும் மேல் காலை மாலை எலக்ட்ரோலைட். எச்சம் எப்படிக் காயும்? பரிசோதனைக்கு ஆன செலவு, நான் வாங்கிய ஒரு டானிக் கேனின் விலையைவிடக் குறைவு.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாற்றங்களில் முதலாவது எலக்ட்ரோலைட்டை நிறுத்துவது. தினமும் கொடுக்கும் பொருள் அல்ல அது. அனல் உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாளைக்கு மட்டும், அதுவும் பொட்டாசியம் இருக்கிற வகையாகப் பார்த்து. அன்றாடத்துக்குச் சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்டு) போதும். டன் தீவனத்துக்கு ஒன்றரை கிலோ சேர்த்து, சாதா உப்பில் ஒரு கிலோவைக் குறைத்தோம். சோடியம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், ஓடு கட்டுவதற்கான பைகார்பனேட்டு கூடும். உப்பைக் குறைக்காமல் சோடாவை மட்டும் கொட்டினால் திரும்ப எச்சம் தண்ணீராகும். இந்த அளவு எங்கள் தண்ணீருக்குச் சொன்னது. உங்கள் தண்ணீரைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு.

அடுத்தது வைட்டமின் சி. கோழி தன் உடம்பிலேயே அதைத் தயாரித்துக்கொள்ளும், ஆனால் கடும் வெயிலில் அது பற்றாது. டன்னுக்கு 200லிருந்து 250 கிராம் வரை என்பது வழக்கமான அளவு. தண்ணீரில் கொடுத்தால் காலை வெயில் ஏறும் முன் இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவு மட்டும் கலக்க வேண்டும். சூட்டிலும் குளோரினிலும் அது சீக்கிரம் கெட்டுவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா, ராத்திரியே மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து வைப்பேன், நாள் முழுக்க ஓடும். கலந்த வைட்டமினில் எவ்வளவு கோழிக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. குளோரினைக் காலையில் நிறுத்தி மாலையில் மட்டும் போடுகிறோம். தொட்டிக்கு ஓலைக் கூரை போட்டு, ஈரச்சாக்கு சுற்றி, மதியம் இரண்டு மூன்று முறை நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் முனை) பொருத்திய குழாயின் கடைசியைத் திறந்து சூடான தண்ணீரை வெளியேற்றினோம். குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தால் குளிக்கக்கூட முடியாத சூடு. அதைக் குடிக்காமல்தான் கோழி பாதி வாடியது. எந்த டானிக்கைவிடவும் குளிர்ந்த தண்ணீர் பெரியது என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

திரவக் கால்சியத்தை நிறுத்திவிட்டு, கிளிஞ்சலையும் பருமனான சுண்ணாம்புக்கல் குருணையையும் சாயங்காலத் தீவனத்தின் மேல் தூவினோம். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கிறது. மாவாக அரைத்த கல் சீக்கிரம் கரைந்து போய்விடும். குருணை இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒரு கோழிக்கு நாளைக்கு 4 கிராம் கால்சியம் வேண்டும், அதைத் தண்ணீரில் ஊற்றி நிரப்ப முடியாது. தீவன நேரத்தையும் மாற்றினோம். விடியும் முன் ஒரு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தடவை, நடு ராத்திரியில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டு மீதி. காலை பத்து மணிக்கு மேல் தீவனம் கிடையாது. தின்ற தீவனம் செரிக்கும் சூடு சில மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அது மதிய வெயிலோடு சேரக் கூடாது.

புரத விஷயத்தில் மில்காரரோடு கொஞ்சம் வாக்குவாதமே நடந்தது. தீவனம் குறைவாகத் தின்கிற கோழிக்கு அமினோ அமிலம் செறிவாக வேண்டும் என்பது சரி. அதற்காகச் சோயாவைக் கூட்ட வேண்டியதில்லை. மெத்தியோனினும் லைசினும் தனியாகச் சேர்த்து, மொத்தப் புரதத்தை 18லிருந்து 16 சதவீதத்துக்கு இறக்கினோம். கலோரிக்குத் தவிட்டு எண்ணெய் டன்னுக்கு 15 கிலோ. எண்ணெய் செரிப்பதில் பிறக்கும் சூடு தானியத்தைவிடக் குறைவு, தீவனத் தூசியும் அடங்கும். எண்ணெய் புதியதாக இருக்க வேண்டும், சிக்கு வாடை வந்தால் தொடாதீர்கள். பீட்டெய்னும் வைட்டமின் ஈயும் கையில் காசு இருந்தால் சேர்க்கலாம் என்றார். பீட்டெய்ன் செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்க உதவும். நான் பீட்டெய்னை மட்டும் இரண்டு மாதத்துக்கு வாங்கினேன். ஈரல் டானிக்கை அவர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

குழி வேலைதான் உடம்பை முறித்தது. ஒழுகும் நிப்பிள் ஒவ்வொன்றையும் இரவில் டார்ச் அடித்துக் கண்டுபிடித்து மாற்றினோம். ஒரு நிப்பிள் சொட்டினால் கீழே ஒரு முழம் எச்சம் சேறாகிவிடுகிறது. தார்ப்பாயை முழுக்க மூடாமல், கீழே ஒரு அடியும் மேலே ஒரு அடியும் திறந்து விட்டோம். எச்சத்தை மொத்தமாக வழித்து எடுக்கவில்லை. ஈரக் களியை மட்டும் வாரிவிட்டு, காய்ந்த அடித்தளத்தை விட்டு வைத்தோம். புதிதாக விழும் எச்சம் அதன் மேல்தான் சீக்கிரம் காயும். ஈர எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தூவுவது எங்கள் ஊர் வழக்கம். சுண்ணாம்பு காரம், எச்சத்தில் அடங்கியிருக்கும் அம்மோனியாவை அது கிளப்பி வெளியே விட்டுவிடும். நாங்கள் சுண்ணாம்பு தூவிய அன்றைக்குத்தான் கண் எரிச்சல் தாங்க முடியாமல் இருந்தது, காரணம் அப்போது புரியவில்லை. அதற்குப் பதிலாகச் சூப்பர் பாஸ்பேட் உரம் தூவினோம். அதன் அமிலத் தன்மை அம்மோனியாவைப் பிடித்து வைக்கும், எரு வாங்கும் மஞ்சள் விவசாயிக்கும் அது நல்லதுதான். அம்மோனியாவைக் குறைக்க, தீவனத்தில் யூக்கா என்ற செடியின் சாறு கலந்த பொடி டன்னுக்கு 120 கிராம். யூக்கா வேலை செய்கிறது, ஆனால் குழி ஓரளவு காய்ந்த பிறகுதான். சேற்றுக் குழிக்கு மேல் யூக்கா கொடுத்தால் காசுதான் கரையும்.

தண்ணீரைப் பனி மாதிரித் தெளிக்கும் ஃபாகர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த அனலில், ஃபேனோடு சேர்த்து, விட்டு விட்டு ஓட்டினால் நல்லது. மழை பெய்த மறுநாள் காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது ஓட்டினால் கோழிக்கும் கேடு, குழிக்கும் கேடு. அன்றைக்கு ஃபேன் மட்டும்தான். சேலத்தில் பங்குனி வெயில் காய்ந்த வெயில், சித்திரைக் கடைசியில் மழைக்குப் பிறகு வருவது புழுக்கம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

எச்சம் கெட்டியாக ஒரு வாரம் ஆனது. சளிச் சத்தம் குறைய அதைவிட நாளானது. நூற்றுக்கு எழுபதுக்கும் கீழே போயிருந்த முட்டை, ஆனி பிறந்த பிறகுதான் எண்பத்தைந்தைத் தாண்டியது, பழைய தொண்ணூறு திரும்ப வரவே இல்லை. முட்டைக் குறைவில் ஏறக்குறைய இரண்டரை லட்சம், செத்த கோழி முந்நூற்றைம்பதுக்கு எண்பதாயிரத்துக்கு மேல், மருந்துக் கடைக்கு அறுபதாயிரம். புதைத்த முட்டையை இதில் சேர்க்கவில்லை. மாற்றிய பிறகு தீவனத்தில் சேர்த்த சோடா உப்பு, வைட்டமின் சி, மெத்தியோனின், யூக்கா, பீட்டெய்ன் எல்லாம் சேர்ந்தும் கோடை முழுக்க அந்த அறுபதாயிரத்தில் பாதி ஆகவில்லை.

இந்த வருடத்துக்கு மாசியிலேயே தண்ணீரைத் திரும்பச் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். போர் ஆழம் இறங்க இறங்க உப்பு மாறும், போன வருட ரிப்போர்ட்டை நம்ப முடியாது. அம்மோனியாப் பட்டை ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். விடிகாலையில் படுதா தூக்கும் முன் கீழ்க்கூண்டு உயரத்தில் பார்க்க வேண்டும், காற்று மோசமாக இருக்கும் நேரம் அதுதான். பட்டை கிடைக்காதவர்கள் வெளி ஆள் ஒருவரைக் கூப்பிட்டு அந்த உயரத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் மூக்கை நம்பாதீர்கள். ஆடிக் காற்று வந்து கோழி மதியத்தில் இரைப்பதை நிறுத்தியதும் சோடா உப்பை எடுத்துவிட்டு, சாதா உப்பைப் பழைய அளவுக்குக் கொண்டு வரச் சொல்லி மில்லில் மறக்காமல் சொல்லிவிடுங்கள். எண்ணெயையும் அப்போது நிறுத்தலாம். யூக்காவை மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற வரைக்கும் விடாதீர்கள், படுதா இறக்கியே கிடக்கும் நாட்களில் குழிக் காற்று கோடையைவிட மோசமாகும்.